கொரோனா காலத்தில் வீட்டில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்களா?

கேள்வி, 8 ஜூன் 2024

முதுகலை உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கொரோனா காலத்தில் கல்லூரி மாணவர்களின் உடல்நலம், மனநலம், பழக்கவழக்கம் பற்றி ஒரு சிறு ஆய்வு செய்ய எண்ணம். 2020-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகம் முன்னின்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து மனச்சோர்வு, குடி, புகை, உடற்பயிற்சி எல்லாம் விசாரித்திருக்கிறார்கள். அங்கே ஊரை விட்டு வந்து அறையில் தனியாக அடைபட்டவர்கள் நிறைய. நம்மூரில் அப்படி இல்லை. எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அம்மா சமையல், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அதனால் நம் மாணவர்கள் அந்த இரண்டு வருடத்தையும் நன்றாகவே கடந்தார்கள் என்பது என் கணிப்பு. அப்போது படித்தவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு

கணிப்பு சரி, நானே சாட்சி. 2018-ல் சேர்ந்த பேட்ச், இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் பொறியியல்), ஈரோடு பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. ஊர் அறந்தாங்கிக்குக் கிழக்கே. 2020 மார்ச் 17-லிருந்து மாதக் கடைசி வரை லீவு என்றார்கள், இரண்டு சட்டை, ஒரு கைலி, சார்ஜர் மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன், மெத்தை, பக்கெட், கெட்டில், பாதி மேகி எல்லாம் ரூமிலேயே. திரும்பிப் போய்ப் பார்க்கப் பதினோரு மாதம் ஆயிற்று.

ஹாஸ்டலில் இருந்தவரை எடை 56 கிலோ. மெஸ் சாம்பாரைச் சாப்பிட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் கல்லூரி திறந்தபோது 68, ஒரு பேண்ட்டும் இடுப்பில் ஏறவில்லை. ஹாஸ்டலில் நாளைக்கு நாலு சிகரெட், சனிக்கிழமை ராத்திரி பீர். வீட்டுக்கு வந்ததும் இரண்டும் நின்றது. வைராக்கியம் ஒன்றும் இல்லை, ஊரில் பெட்டிக்கடைக்காரர் எனக்குப் பெரியப்பா முறை, அவரிடம் போய் என்னவென்று கேட்பது? டாஸ்மாக்கை மார்ச் 24-ல் மூடி மே 7-ல்தான் திறந்தார்கள், இரண்டே நாளில் உயர் நீதிமன்ற உத்தரவால் மறுபடி மூடி, உச்ச நீதிமன்றம் வரை போய் 16-ம் தேதி திரும்பத் திறந்தார்கள். திறந்தும் எங்களுக்குப் பயனில்லை, வரிசையில் நின்றது முழுக்க மாமாவும் சித்தப்பாவும்.

ஆக குடி, புகை, சாப்பாடு மூன்றிலும் எனக்கு முழு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

9 ஜூன், காலை

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ஏப்ரல் நடுவிலேயே ராத்திரி பகலாகிவிட்டது. விடிய நாலு மணிக்குப் படுப்பேன், அந்நேரம் அப்பத்தா எழுந்து வாசல் தெளிக்கப் போகும், இருவரும் நிலைப்படியில் ஒருவரையொருவர் தாண்டிப் போவோம். ஒரு வாரம் "வெளிக்கா போயிட்டு வர்றே?" என்று கேட்டது, அப்புறம் கேட்பதை விட்டுவிட்டது. ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்த பிறகு ஒன்பது மணிக்கு போனில் "பிரசன்ட் சார்" என்று தட்டிவிட்டு ஒலியைக் குறைத்து மறுபடி தூக்கம். மதியச் சாப்பாடுதான் எனக்குக் காலைச் சாப்பாடு.

இது பெரிய கோளாறாக அப்போது தெரியவில்லை. வகுப்பில் அறுபது பேரும் ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆன்லைனில்தான் இருந்தோம்.

9 ஜூன், மதியம்

ஊரடங்கில் எல்லோரும் நுரைக்க நுரைக்க அடித்த டல்கோனா காபி போட்டேனா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டேன். கரண்டியை வைத்து முக்கால் மணி நேரம் அடித்தேன். அம்மா பார்த்துவிட்டு, இந்தக் கையை ஆட்டுரலில் வைத்திருந்தால் இரண்டு நாளைக்கு மாவு கிடைத்திருக்கும் என்றார்.

11 ஜூன்

நேற்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். "அப்பா அம்மாவோடு பத்திரமாக இருந்தார்கள்" என்று கேள்வியில் இல்லை, ஆனால் அந்த அர்த்தம்தான் வருகிறது. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் அப்பா இருக்கமாட்டார். என் அப்பா சிங்கப்பூரில், கட்டுமான வேலை. 2020 ஏப்ரலில் அங்கே தொழிலாளர் தங்கும் டார்மிட்டரிகளைப் பூட்டினார்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. அந்த வருடம் முடிந்தபோது கணக்குப் பார்த்ததில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அப்பா அறையில் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில். தினமும் ராத்திரி வீடியோ காலில் வருவார், மேல் கட்டிலின் அடிப்பலகைதான் எங்களுக்குத் தெரியும், பலகையில் யாரோ பால்பாயின்டில் பிள்ளையார் சுழி போட்டு ஒரு போன் நம்பர் எழுதியிருந்தார்கள், அந்த நம்பர் இப்போதும் எனக்கு மனப்பாடம். மே மாதம் ஒரு நாள் அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வேறொரு அறையிலிருந்து பேசினார், காய்ச்சல், வேறிடம் மாற்றிவிட்டார்கள், இப்போது பரவாயில்லை என்று. அந்த மூன்று நாளில் இரண்டு நாள் எனக்கு இன்டர்னல் டெஸ்ட் இருந்தது. இரண்டையும் எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

அம்மா அந்த மூன்று நாளும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரில், "வெளிநாட்டு ஆள் வீடு" என்று பைப்படியில் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். அப்பா ஊருக்கு வந்தே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, வைரஸ் வீடியோ கால் வழியாக வரும் என்றே சிலர் நினைத்திருக்க வேண்டும்.

12 ஜூன்

என் வகுப்புத் தோழி இதைப் படித்துவிட்டு ஒரே வரி எழுதியிருக்கிறாள்: உனக்கு பன்னிரண்டு கிலோ ஏறியதே, அதைச் சமைத்தது யார்?

நியாயமான கேள்வி. அம்மா நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போய்விடுவார். அப்பத்தாவால் அடுப்பில் நிற்க முடியாது. சமைத்தது தங்கச்சி. அவள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, காமர்ஸ். கடைசித் தேர்வு கணக்குப்பதிவியல், 2020 மார்ச் 24. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் 144 தடை ஆரம்பம். பஸ் இல்லாமல் அன்றைக்குத் தேர்வுக்கே போக முடியாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், அவர்களுக்கு ஜூலை 27-ல் மறுபடி வைத்தார்கள். இவள் மாமா வண்டியில் போய் எழுதிவிட்டு வந்து யூனிபார்மை மடித்து வைத்தாள், மறுநாள் காலையிலிருந்து அடுப்படி அவளிடம் வந்துவிட்டது. யாரும் முடிவு செய்யவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நான் மத்தியானம் எழுந்து வந்து உட்காரும்போது தட்டு இருக்கும்.

அப்புறம் அவள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். வீட்டில் ஸ்மார்ட் போன் ஒன்று, அது என்னுடையது. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். எனக்கு ஒன்பதிலிருந்து மூன்று வரை வகுப்பு, அவளுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம். எனக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிறது, அவளுக்கு முதல் வருடம்தானே என்று எனக்கே விட்டுவிட்டார்கள். வகுப்பு முடிந்த பிறகு ஃப்ரீ ஃபயர் ஆடுவேன் (பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்துவிட்டார்களே), ராத்திரி ஒன்பது மணிக்கு அவளிடம் கொடுப்பேன். அவள் குரூப்பில் வந்த போட்டோக்களைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள். அதிலும் சிக்னல் கண்மாய்க் கரைப் புளியமரத்தடியில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். பகலில் நான் அங்கே போய் உட்காரலாம், ராத்திரியில் அவளை யார் விடுவார்கள்? வீட்டுக் கொல்லையில், கோழிக்கூட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஒரு படம் இறங்குவதற்குக் காத்திருப்பாள்.

இதில் கேவலமான ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அரசு சிம் கார்டு கொடுத்தது, மொத்தம் 9.69 லட்சம் பேருக்கு. தங்கச்சிக்கு வந்தது. அவளிடம் போன் இல்லை. என் போனின் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டோம். அந்த 2 ஜிபியைத் தினமும் யார் காலி செய்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

12 ஜூன், இரவு

முதல் பதிவில் நான் போட்டுக்கொண்ட முழு மதிப்பெண்ணை வாபஸ் வாங்குகிறேன். ஒரு வீட்டில் ஒரே காலத்தில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். உங்கள் கேள்வித்தாள் என்னிடம் வந்திருக்கும், அவளிடம் வந்திருக்காது. ஆன்லைன் படிவம்தானே.

15 ஜூன்

அரியர் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், அதைப் பேசாமல் இந்தக் காலத்தைப் பேச முடியாது. எனக்கு மூன்று அரியர், அதில் ஒன்று எம்-3, அதாவது மூன்றாவது கணிதப் பேப்பர். 2020 ஆகஸ்ட் 26-ம் தேதி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தேர்வு ரத்து, எல்லாம் தேர்ச்சி என்று அறிவித்தார், இறுதிப் பருவத் தேர்வுக்கு மட்டும் இது பொருந்தாது. ஊரெங்கும் பேனர், மீம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த மனநல அளவுகோலிலும் அடக்க முடியாது. அப்புறம் யுஜிசியும் (பல்கலைக்கழக மானியக் குழு) ஏஐசிடிஇயும் (தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒத்துக்கொள்ளவில்லை, வழக்கு, மாதக்கணக்கில் "பாஸா இல்லையா" என்ற ஒரே கேள்வி, கடைசியில் எழுதத்தான் வேண்டியிருந்தது. அந்த எட்டு மாதம்தான் மோசம். எம்-3-ஐப் படிக்கவும் முடியாது, மறக்கவும் முடியாது. புத்தகத்தை எடுத்தால் பாஸாகிவிட்டவன் எதற்குப் படிக்கிறாய் என்று தோன்றும், மூடினால் வயிற்றில் பிசையும்.

கேமரா தேர்வு அதற்கு மேல். 2021 ஜனவரி கடைசியில் எங்கள் கல்லூரியே செமஸ்டரை ஆன்லைனில் வைத்தது. முகம் கட்டத்தை விட்டு விலகினால் எச்சரிக்கை, சத்தம் வந்தால் எச்சரிக்கை. சரியாக எனக்கு டிஜிட்டல் சிக்னல் பேப்பர் அன்று தைப்பூசத்துக்கு முந்தின நாள், முருகன் கோயிலில் ரேடியோ செட் கட்டிவிட்டார்கள். மாமா போய்க் கெஞ்சி ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். நிறுத்திய அமைதியில் ஆடு கத்தியது. திரையில் மஞ்சள் கட்டம். தங்கச்சி ஆட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போனாள், நான் கண்ணைத் திருப்பக் கூடாதென்று திரையையே பார்த்துக்கொண்டு, குளம்புச் சத்தம் தூரமாகப் போவதைக் காதால் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். ரிசல்ட்டில் அந்த ஒரு பேப்பர் நிறுத்திவைப்பு. விளக்கக் கடிதத்தில் "ஆடு" என்று எழுதுவதா, "எதிர்பாராத ஒலி" என்று எழுதுவதா என்று நண்பர்களோடு அரை நாள் விவாதம். ஆடு என்றே எழுதினேன். விட்டுவிட்டார்கள்.

16 ஜூன்

திருத்தம்: பிப்ரவரி 8, 2021-ல் எல்லா வருடத்துக்கும் கல்லூரி திறந்தார்கள், மார்ச் 23-ல் மறுபடி நேரடி வகுப்பை நிறுத்தினார்கள். நான் "பதினோரு மாதம்" என்றது அந்த ஆறு வாரத்துக்கு முன்பு வரை. முழுசாகத் திரும்பியது 2021 செப்டம்பர்.

அந்த ஆறு வாரம் ஹாஸ்டலில் ரூமைத் திறந்தபோது மேகியை எலி தின்றிருந்தது. கெட்டிலுக்குள் என்ன வளர்ந்திருந்தது என்று பயோடெக் பையன்கள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

22 ஜூன்

தடுப்பூசி பற்றி. மாணவர்கள் படித்தவர்கள், தயங்காமல் போட்டிருப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் படித்தவன் நான்தான், தயங்கியதும் நான்தான். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் ஊசி போட்டுக்கொண்டார், 17-ல் மாரடைப்பில் காலமானார். அவர் சாவுக்கு ஊசி காரணமில்லை என்று பின்னால் மத்தியக் குழு ஆராய்ந்து சொன்னது, ஆனால் ஊரில் அதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. ஆரம்பப் பள்ளியில் முகாம் போட்டு நர்ஸம்மா காத்திருந்தார், வந்தது ஏழு பேர். மே 21-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. எங்கள் தெருவிலேயே இரண்டு சாவு. அதைப் பார்த்தும் நான் வாட்ஸ்அப்பில் வந்த குப்பையை எல்லாம் படித்துக்கொண்டு ஜூன் வரை இழுத்தேன்.

ஜூனில் ஒரு நாள் காலையில் அப்பத்தா ரவிக்கை மாற்றிக்கொண்டு, சுருக்குப் பையில் ஆதார் கார்டைச் செருகிக்கொண்டு, "பெரியம்மை ஊசியே போட்டவ நான், வாடா" என்று முன்னால் நடந்தது. பின்னால் போய் நானும் போட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்கு 102 டிகிரி, டோலோ 650, போர்வைக்குள் நடுக்கம். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. கோவிஷீல்டுக்கு இரண்டாவது ஊசி 84 நாள் கழித்து, அதனால் செப்டம்பர் 1-ல் கல்லூரி திறந்தபோது ஒரே ஊசியோடுதான் ஹாஸ்டலுக்குள் போனேன்.

கபசுரக் குடிநீர் குடித்தீர்களா என்று கேட்பவருக்கு: குடித்தோம். டம்ளரை வாயில் வைப்பதற்கு முன்பே நாக்கு உள்ளே போய்விடும்.

23 ஜூன்

குடி, புகை என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம், போனில் பணம் கட்டி ஆடும் ரம்மியை விட்டுவிட்டோம். பக்கத்து ஊர் நண்பன், வேறு கல்லூரி. கல்லூரிக் கட்டணத்துக்கு அவன் அம்மா தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம் அவன் கணக்கில் இருந்தது. பத்து ரூபாயில் ஆரம்பித்தான். முதல் வாரம் 700 ரூபாய் ஜெயித்தான், எங்களுக்கெல்லாம் கண்மாய்க் கரையில் புரோட்டா வாங்கிக் கொடுத்தான். மூன்று வாரத்தில் 38,000 போயிற்று. நவம்பர் 2020-ல் அரசு அவசரச் சட்டம் போட்டு ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது, 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இவனுக்கு இரண்டாலும் பயனில்லை, பணம் அதற்கு முன்பே போய்விட்டது.

அவன் அந்த வருடம் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் போனான். புரோட்டா சாப்பிட்ட நாங்கள் ஆறு பேரும் அவன் அம்மாவைப் பார்த்தால் இன்றைக்கும் வேறு தெருவில் போகிறோம்.

2 ஜூலை

திரும்பி வந்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே சரியில்லாமல் போனது, இதையும் உங்கள் ஆய்வில் சேருங்கள். 2021 செப்டம்பர், கடைசி வருடம். ஹாஸ்டல் மெஸ் என்றாலே பயம், 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து, மெஸ்தான் காரணமாக இருக்கும் என்று பேசப்பட்டதைப் படித்திருந்தோம். தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்கு வந்துவிடுவேன். ஜூனியர்கள் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், முகக்கவசத்தோடு சேர்ந்தவர்கள், ஒருவன் மூக்கு இன்னொருவனுக்குத் தெரியாது. ஐம்பது நிமிட வகுப்பில் இருபதாவது நிமிடம் என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். சிகரெட்டும் முதல் வாரத்திலேயே திரும்ப வந்துவிட்டது, இப்போது ஆறு.

தேர்வு நேரடியாக என்றதும் நவம்பரில் மதுரை உட்படப் பல ஊர்களில் மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், ஆன்லைனில்தான் வேண்டும் என்று. ஊரே சிரித்தது, சோம்பேறிகள் என்று. நானும் சிரித்தேன், ஆனால் மூன்று மணி நேரத் தேர்வில் ஒன்றரை மணி நேரத்தில் நடுவிரல் மரத்துப்போய்ப் பேனா நழுவியபோது சிரிப்பு போய்விட்டது. பேனாவைப் பிடிக்கும் இடத்தில் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு காய்ப்பு இருக்குமே, அது மறைந்து தோல் வழவழப்பாகியிருந்தது. பக்கத்தில் இருந்தவன் கையை உதறிக்கொண்டிருந்தான், ஹாலில் எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவன் கையை உதறிக்கொண்டிருந்தான், கண்காணிப்பாளர் ஏதோ சைகை காட்டுகிறார்கள் என்று நினைத்து இரண்டு பேரை இடம் மாற்றினார்.

3 ஜூலை

கேள்வி கேட்டவர் இரண்டாம் முறை எழுதியிருக்கிறார், படிவத்தில் என்ன சேர்க்கலாம் என்று. எனக்குத் தோன்றுவது: வீட்டில் எத்தனை போன், எத்தனை பேர் படிக்கிறார்கள், யார் எத்தனை மணிக்கு அதைக் கையில் வாங்கினார்கள் என்று கேளுங்கள். சமைத்தது யார் என்று கேளுங்கள், "அம்மா" என்று எழுதினால் மறுபடி கேளுங்கள். படிவத்தைத் தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள். 2021-ன் கடைசியையும் சேருங்கள், ஊரடங்கோடு நிறுத்திவிடாதீர்கள். அண்ணனும் தங்கச்சியும் ஒரே வீட்டில் கிடைத்தால் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்.

14 ஜூலை

தங்கச்சி இதைப் படித்துவிட்டாள். தோழிதான் அனுப்பியிருக்கிறாள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணே, ஒன்பது மணின்னு போட்டுருக்க. பதினொன்றரை" என்றாள். நான் இல்லை, ஒன்பதுதான், அம்மா சீரியல் முடிந்ததும் கொடுத்துவிடுவேனே என்றேன். அவள் பேசாமல் தன் பழைய வகுப்பு குரூப்பைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போய்க் காட்டினாள், அசைன்மென்ட் போட்டோ அனுப்பிய நேரமெல்லாம் வரிசையாக: 12.40, 1.15, 12.55, 1.30. ஒரு போட்டோவில் நோட்டின் ஓரத்தில் கோழி இறகு.

12 ஜூன் பதிவில் ஒன்பது என்று இருப்பதைப் பதினொன்றரை என்று வாசித்துக்கொள்ளுங்கள். நான்கு மணி வரை நான் விழித்திருந்ததாக எழுதியதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவள் எழுதி முடித்ததும் போன் திரும்ப என்னிடம் வந்துவிடும்.